மேன்முறையீட்டில் வென்றாச்சு, லோயருக்குக் கொடுத்த காசை யாரிடம் கேட்பது?

வாவிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு, முகாமைத்துவ உதவியாளர், 19 வருட சேவை. என் மேல் வந்த ஒழுக்காற்று நடவடிக்கையிலிருந்து மேன்முறையீட்டில் போன மாதம் முழுதாக விடுபட்டேன். சந்தோஷம்தான். ஆனால் கையில் இருக்கும் கொப்பிக் கணக்கைப் பார்த்தால் சந்தோஷம் நிற்கவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கதை இதுதான். 2019 மாரி. வாவி பெருகி படுவான்கரைப் பக்கம் ரோட்டெல்லாம் தண்ணீர். இரவு 11 மணிக்கு மேலிடத்திலிருந்து போன்: பாடசாலையில் குடும்பங்கள் வந்து இருக்குதாம், களஞ்சியத்தைத் திறந்து தறப்பாள் கொடுங்க, பேப்பர் வேலையை நாளைக்குப் பார்ப்போம். களஞ்சியம் என் பொறுப்பு. மழைக்குள் போய்த் திறந்து 40 தறப்பாளை உழவு மெசினில் ஏற்றிவிட்டேன். வாங்கிப்போன ஆள் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியில் கிழித்த ஒற்றையில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வைத்தார். நீலப் பேனை, மழை, விடியும்போது அந்தத் தாளில் 4 மட்டும் இருந்தது, பூச்சியத்தைக் காணோம்.

போன் எடுத்தவர் அடுத்த மாதம் இடமாற்றத்தில் போய்விட்டார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு கணக்காய்வு வினா. அப்புறம் மொட்டைப் பெட்டிசம் ஒன்று, நான் தறப்பாளை விற்றேனாம். பிறகு பணி இடைநிறுத்தம், பாதிச் சம்பளம், 14 மாதம். குற்றப்பத்திரம், விசாரணை, முடிவில் 130,000 ரூபாய் அறவீடு, இரண்டு சம்பள ஏற்றம் பிற்போடல். முதல் மேன்முறையீடு சரிவரவில்லை, அடுத்ததில் வென்றேன். நிலுவைச் சம்பளம், சம்பள ஏற்றம், அறவிட்ட காசு எல்லாம் திருப்பித் தரச்சொல்லிக் கட்டளை. அந்தப் பக்கம் குறை இல்லை.

நான் செலவழித்தது: முதல் மேன்முறையீடு எழுத 35,000. இரண்டாவது எழுத 75,000. லோயர் வந்து நின்ற ஐந்து நாளுக்கு 40,000 படி 200,000. தமிழில் இருந்த 96 பக்கத்தை இங்கிலீசுக்கு மாற்ற 96,000. கொழும்புக்கு ரயில், பஸ், ரூம், சாப்பாடு 57,000. மொத்தம் 463,000. இதை எங்கே, எந்தப் படிவத்தில் கேட்பது? கேட்டு வாங்கிய ஆள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

—

கறுவாக்கேணி எழுதியது:

அண்ணன் கோவிக்க வேணாம். தறப்பாள் 130,000, லோயர் 463,000. பேசாமல் 40 தறப்பாளையும் வாங்கி வைத்திருந்தால் 333,000 மிச்சம், இரண்டு மாடு வாங்கியிருக்கலாம்.

—

வாவிக்கரை எழுதியது:

மனுசியும் இதைத்தான் சொன்னா தம்பி, மாட்டை மட்டும் சொல்லவில்லை. காசைக் கட்டினால் நான் எடுத்தேன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. பைலில் அது கிடக்கும். பதவி உயர்வு, ஓய்வூதியம் என்று எந்தக் கடதாசியை நீட்டினாலும் அது மேலே வந்து நிற்கும்.

—

ஓய்வு இலிகிதர் எழுதியது:

தம்பி வாவிக்கரை, முதலில் வாழ்த்துகள். 34 வருடம் கந்தோரில் இருந்து பிரதம இலிகிதராக ஓய்வுபெற்றவன் நான், இப்போது களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன். கேட்டதற்கு நேரே பதில் சொல்கிறேன், மனம் நோக வேண்டாம். அப்படி ஒரு படிவத்தை நான் என் கையால் தொட்டதில்லை. நிலுவைச் சம்பளத்துக்கு வழி இருக்கிறது, ஏனென்றால் அது உங்களுடைய சம்பளம், தண்டனை போனவுடன் அது தானாக எழும்பிவிடும். லோயர் காசு அப்படி இல்லை. கணக்காளரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, எந்த வாக்கில் (செலவுத் தலைப்பில்) எழுதுவது, எந்த அதிகாரத்தில் எழுதுவது என்பதுதான். அதிகாரம் இல்லாமல் ஒரு சதம் விட்டால் நாளைக்கு அவருக்கே கணக்காய்வு வினா வரும், பிறகு அவரும் லோயர் தேட வேணும்.

ஒரு விசயத்தை இங்கே சனம் குழப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் கடமையில் செய்த ஒரு காரியத்துக்காக வெளியாள் ஒருவர் உங்கள் மேல் வழக்குப் போட்டால், சட்டமா அதிபர் உங்கள் பக்கம் வந்து நிற்கக் கேட்கலாம், அதற்கு முறை இருக்கிறது. உங்கள் வழக்கில் எதிரே நிற்பதே அரசாங்கம். அவர்களுக்காகக் கோர்ட்டுக்கு வருகிற லோயருக்குச் சம்பளம் மாதா மாதம் போகும், திகதி தள்ளிப்போனால் அவருக்கு நட்டமில்லை. ஒவ்வொரு திகதிக்கும் 40,000 போனது உங்களுக்குத்தான்.

கறுவாக்கேணித் தம்பி பகிடியாகச் சொன்னதை என் காலத்தில் எத்தனையோ பேர் உண்மையாகவே செய்தார்கள். நிதிப் பிரமாணம் 104இல் நட்டம் பற்றி விசாரணை வரும், தொகை சின்னதாக இருக்கும், ஆள் கணக்குப் பார்ப்பான், வழக்காடுவதைவிடக் கட்டுவது மலிவு, கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வான். ஒரு கந்தோரில் சுவர் மணிக்கூடு காணாமல் போனதற்கு மூன்று பேர் பங்கு போட்டுக் கட்டினார்கள். மணிக்கூடு பிறகு அலுமாரிக்குப் பின்னால் இருந்தது, ஓடிக்கொண்டுதான் இருந்தது.

—

அக்கரைப்பற்று ராத்தா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், மற்ற எல்லாருக்கும் வணக்கம். நான் மாகாணப் பாடசாலை ரீச்சர். என்னுடையது வேறு பாதை, அதையும் எழுதி வைத்தால் யாருக்காவது பயன்படும். நாங்கள் மாகாணத்தின் கீழ், அதனால் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு, அதன் முடிவு பிடிக்காவிட்டால் ஆளுநர். 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தில் ஆளுநருக்கு அந்த முடிவை மாற்றவும் நீக்கவும் அதிகாரம் இருக்கிறது. எனக்கு ஆளுநர் கட்டத்திலேயே முடிந்தது அல்ஹம்துலில்லாஹ், திருகோணமலைக்கு நாலு தடவை போய்வந்த செலவும், கடிதம் எழுதித் தந்த லோயருக்கு 25,000மும்தான்.

ஆனால் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேணும். சம்பளம் பாதியாகிப் போன நேரம், கையில் இருந்த இரண்டு காப்பையும் அடகு வைத்தேன். நிலுவை வந்த அன்றைக்கே மீட்கப் போனேன், வட்டி 31,000. லோயருக்குக் கொடுத்ததைவிட அடகுக்கு வட்டி கூட. இதை எந்தப் பில்லில் போடுவது வாவிக்கரை அண்ணன்? உங்கள் கணக்கில் கடன் வட்டி இல்லையே, கடன் வாங்காமலா செய்தீர்கள்?

—

வாவிக்கரை எழுதியது:

தங்கச்சி, மச்சானிடம் வாங்கியது, வட்டி கேட்கமாட்டார். ஆனால் கலியாண வீடு, சாவு வீடு எங்கே கண்டாலும் "கேஸ் என்னண்டு போகுது" என்று கேட்பார். அதுவும் ஒரு வட்டிதான்.

—

விசாரணை மேசை எழுதியது:

நான் மறுபக்கத்துக் கதிரையில் இருந்தவன், விசாரணை உத்தியோகத்தராக. எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் இதை எழுதுகிறேன். விடுபட்டவர் எல்லாரும் சுத்தமானவர் என்று எடுத்துவிடக் கூடாது. குற்றப்பத்திரத்தில் திகதி பிழை, சாட்சி ஓய்வுபெற்று வெளிநாடு போயிட்டார், மூலப் பிரதி இல்லை, இப்படித் தப்பினவர்களும் மேன்முறையீட்டில் வென்றவர்கள்தான். எனக்குத் தெரிந்து எரிபொருள் கட்டளைப் புத்தகத்தில் விளையாடின ஒரு ஆள், குற்றப்பத்திரத்தில் வாகன இலக்கம் மாறி அடிபட்டதால் வெளியே வந்தார். அவருக்கும் லோயர் காசை மக்கள் வரியில் எடுத்துக் கொடுப்பதா? கொடுத்தால் ஒவ்வொரு எச்சரிக்கைக் கடிதத்துக்கும் கொழும்பில் கோர்ட் இருக்கிற புதுக்கடைக்குத்தான் ஓடுவார்கள். வாவிக்கரை நல்ல மனிதராக இருக்கலாம், அவருக்கு ஒரு சட்டம் எழுத முடியாது.

—

கறுவாக்கேணி எழுதியது:

சேர், வாகன இலக்கத்தை மாற்றி அடித்தது யார்? அதுவும் சம்பளத்துக்கு இருக்கிற ஒரு ஆள்தானே.

—

நியூஜேர்சி மட்டுநகரான் எழுதியது:

பிறந்தது கல்லடி, இப்போது அமெரிக்காவில் மத்திய அரசாங்க வேலை. விசாரணை மேசை ஐயா கேட்ட அதே கேள்விக்கு இங்கே ஒரு விடை எழுதி வைத்திருக்கிறார்கள், சரியோ பிழையோ பாருங்கள்.

இங்கே வேலைநீக்கம், 14 நாளுக்கு மேற்பட்ட இடைநிறுத்தம், பதவிக் குறைப்பு மாதிரி பெரிய தண்டனை வந்தால் மெரிட் சிஸ்டம்ஸ் புரொடெக்ஷன் போர்ட் என்று ஒரு சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். 1978இல் வந்த சிவில் சேவைச் சீர்திருத்தச் சட்டத்தில் உருவானது. அந்தச் சட்டமே சொல்கிறது, ஊழியர் வென்றால் அவருடைய நியாயமான லோயர் கூலியைத் திணைக்களம் கொடுக்கும்படி சபை கட்டளை போடலாம் என்று. ஆனால் வென்றது மட்டும் போதாது, கொடுப்பது "நீதியின் நலனுக்காக" என்றும் காட்ட வேணும். அது என்ன நீதியின் நலன் என்று 1980இல் ஒரு தீர்ப்பில் விளக்கினார்கள், அலன் எதிர் தபால் சேவை. அதில் ஐந்து நிலைமை உதாரணமாக வருகிறது: செய்யக்கூடாத ஆள்சேர்ப்பு-நிர்வாக முறைகேட்டில் திணைக்களம் இறங்கியது, நடவடிக்கையில் அடிப்படையே இல்லை அல்லது ஊழியர் பெரும்பாலும் குற்றமற்றவர், கெட்ட எண்ணத்தோடு செய்தது, விசாரணையை இழுத்தடிக்கிற மாதிரிப் பெரிய நடைமுறைப் பிழை, கடைசியாக, வெல்லமாட்டோம் என்று தெரிந்தோ தெரிந்திருக்க வேண்டியோ போட்ட வழக்கு.

அதாவது ஐயா சொன்ன எரிபொருள் புத்தகத்து ஆளுக்கு இந்த வடிகட்டியில் மாட்டுப்பட இடம் உண்டு, தறப்பாள் அண்ணன் கடந்துவிடுவார். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்கத் தேவையில்லை. பாகுபாடு காட்டினார்கள் என்று நிரூபித்து வென்றால் அதற்கு வேறு அளவுகோல்.

கொடுக்கும்போதும் அண்ணன் கொப்பியில் எழுதின மாதிரி முழுத்தொகை வந்து விழாது. நியாயமான மணித்தியாலம் எத்தனை, அந்த ஊரில் மணிக்கு நியாயமான விலை என்ன என்று பெருக்கிப் பார்ப்பார்கள். லோயர் எந்த நாள் எத்தனை மணிநேரம் என்ன செய்தார் என்று பதிவு கொடுக்க வேணும், கூட என்று பட்டால் வெட்டுவார்கள். கடைசி முடிவு வந்து 60 நாளுக்குள் கேட்க வேணும், நித்திரை கொண்டால் போச்சு.

இங்கே எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்க வேணாம். அந்தச் சபையில் 2017 ஜனவரி தொடக்கம் 2022 மார்ச் வரைக்கும் முடிவெடுக்கப் போதிய உறுப்பினர் இல்லாமல், மேல்பரிசீலனைக்குப் போன கேஸ் எல்லாம் அப்படியே அடுக்கிக் கிடந்தது. ஐந்து வருடம்!

—

விசாரணை மேசை எழுதியது:

இது நல்ல வடிகட்டி, ஒத்துக்கொள்கிறேன். "வெல்லமாட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டியது" என்ற பகுதி எங்கள் ஆட்களுக்குச் சுடும். குற்றப்பத்திரம் வரையும்போது, இதை நிரூபிக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. மேலே இருந்து அழுத்தம் வரும், பத்திரத்தை அனுப்பிவிட்டு "விசாரணையில் பார்த்துக்கொள்ளட்டும்" என்று கைகழுவுவது. நானும் செய்திருக்கிறேன். காசு திணைக்களத்திலிருந்து போகும் என்று இருந்தால் இரண்டு தரம் வாசித்திருப்பேன்.

ஆனாலும் என் வரிக் கேள்வி அப்படியே இருக்கிறது.

—

ஓய்வு இலிகிதர் எழுதியது:

விசாரணை மேசை, நீங்கள் இப்படி எழுதியதே பெரிய காரியம். வரிக் காசைப் பற்றி ஒன்று கேட்கிறேன். தறப்பாள் 130,000. அதைப் பிடிக்க விசாரணை உத்தியோகத்தருக்குக் கொடுப்பனவு, சாட்சிகளின் பயணம், தட்டச்சு, ஐந்து வருடம் ஓடின பைல், கடைசியில் வட்டியில்லாமல் திரும்பின நிலுவை. இதெல்லாம் எந்தக் காசு?

—

பாண்டிருப்பான் எழுதியது:

ஏன் சுத்தி வளைக்கிறீர்கள், தொழில் நியாய சபையில் போட்டால் மட்டக்களப்பிலேயே முடியுமே, கொழும்புக்கே போகத் தேவையில்லை. என் ஒன்றுவிட்ட அண்ணன் அங்கேதான் வென்றார், நட்டஈடும் வந்தது.

—

புதுக்கடைப் பக்கம் எழுதியது:

பாண்டிருப்பான் அண்ணன், உங்கள் அண்ணன் கூட்டுத்தாபனத்திலோ கம்பனியிலோ வேலை செய்திருப்பார். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு அரசாங்கத்தை வேலைகொள்வோர் என்ற வகையில் அந்தச் சட்டத்துக்கு வெளியே வைத்திருக்கிறது. கச்சேரியிலோ (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்திலோ வேலை செய்கிற ஆள் தொழில் நியாய சபைக்குப் போக முடியாது. கூட்டுத்தாபனம், சபை என்றால் போகலாம், வேலை நிறுத்தப்பட்டு ஆறு மாதத்துக்குள் போட வேணும். இதை நம்பி ஆறு மாதம் காத்திருந்து மற்றக் கதவையும் மூடிக்கொண்ட ஆட்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

நான் யூனியர் லோயர், சொந்த இடம் செங்கலடி, வேலை கொழும்பில். இனி எல்லாரும் எனக்கு ஏசத் தொடங்கலாம். ஏசுமுன் சில விசயம்.

மத்திய அரசாங்கச் சேவை ஆள் என்றால் ஒழுங்கு இப்படி: ஒழுக்காற்று அதிகாரி, அரசாங்க சேவை ஆணைக்குழு, அதன் முடிவுக்கு எதிராக நிருவாக மேன்முறையீட்டு நியாய சபை. அந்தச் சபை அரசியலமைப்பின் 59ஆம் உறுப்புரையில் இருக்கிறது, 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அதன் வேலை முறையைச் சொல்கிறது. ஆணைக்குழுவின் முடிவை மாற்ற, வேறுபடுத்த, நீக்க அதற்கு அதிகாரம். தண்டனை இருக்கிறதா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. நான் கையில் பிடித்த கட்டளைகளில் "லோயர் காசைக் கொடு" என்று ஒரு வரி வந்ததில்லை.

செலவைக் கேட்க இடம் இருப்பது நீதிமன்றத்தில். 126ஆம் உறுப்புரையில் அடிப்படை உரிமை மனுப் போட்டால், நீதியும் ஒப்புரவுமானது என்று தோன்றும் எந்த நிவாரணத்தையும் உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) கொடுக்கலாம். அதற்குள் நட்டஈடும் வரும் செலவும் வரும். உத்தியோகத்தர் தன் சொந்தக் காசில் கட்ட வேணும் என்று கட்டளை வந்த மனுக்களும் உண்டு. ஆனால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுக்கக் காசு தேவையில்லை, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் அங்கே கொடுத்து விசாரணை நடந்தால் அந்தக் காலம் கணக்கில் வராது, 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் 13ஆம் பிரிவு. கவனம், முறைப்பாடு கொடுத்த துண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வந்தால் உயர் நீதிமன்றம் ஏற்காது. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று அவர்களிடமிருந்து கடிதம் எடுங்கள்.

அதிகாரியின் முடிவை நீக்கக் கேட்கிற எழுத்தாணை (ரிட்) வழக்கில் மனுவின் கடைசியில் "வழக்குச் செலவு" என்று ஒரு கோரிக்கை எப்போதும் இருக்கும். தீர்ப்பின் கடைசியில் "செலவு பற்றிக் கட்டளை இல்லை" என்று ஒரு வரி அதிகம் வரும். கொடுத்தாலும் கோர்ட் கணக்கிடும் செலவு வேறு, நீங்கள் கொடுத்தது வேறு, இரண்டும் ஒரே தெருவில்கூட வசிப்பதில்லை.

அண்ணன் வாவிக்கரை, ஒரே ஒரு கேள்வி. கொடுத்த 310,000க்கும் ரசீது இருக்கிறதா?

—

வாவிக்கரை எழுதியது:

75,000க்கு மட்டும் இருக்கிறது. அதுவும் நான் மூன்று தரம் கேட்டபிறகு லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்தது. நின்ற நாட்களுக்குக் கோர்ட் விறாந்தையில் வைத்துக் கையில் கொடுத்தது, அந்த இடத்தில் ரசீது கேட்க வாய் வரவில்லை. மொழிபெயர்ப்புக்காரர்தான் நேர்மையான மனிதன், பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி 96,000க்கும் பில் தந்தார்.

மொழிபெயர்ப்பு என்றவுடன் ஞாபகம் வருது. தமிழில் விசாரணை நடந்தது, தமிழில் பதிவு இருக்கிறது, நான் தமிழில் வேலை செய்கிறவன். கொழும்புக்குப் போக அத்தனையும் இங்கிலீசில் வேணும். அந்த நனைந்த அப்பியாசக் கொப்பி ஒற்றைகூட மொழிபெயர்க்கப்பட்டது. அதில் இருப்பது ஒரு 4, ஒரு கையெழுத்து. 1,000 ரூபாய்.

—

கறுவாக்கேணி எழுதியது:

4க்கு இங்கிலீசில் என்ன அண்ணன்?

—

வாவிக்கரை எழுதியது:

"வாசிக்க முடியாதது" என்று எழுதியிருந்தார்.

—

அக்கரைப்பற்று ராத்தா எழுதியது:

புதுக்கடைத் தம்பி, ஏசவில்லை, ஆனால் நீங்களே சொல்லுங்கள், திகதி தள்ளிப்போன நாளுக்கும் முழுக்காசு எடுப்பது என்ன நியாயம்? எங்கள் பாடசாலை ரீச்சர் ஒருவருக்கு 2022இல் பெற்றோல் இல்லாத காலத்தில் கேஸ், இரவு பஸ்ஸில் நின்றுகொண்டு போனா, எதிர்ப்பக்கத்து ஆள் வரவில்லை, பத்து நிமிசத்தில் வேறு திகதி. லோயர் காசு, பஸ் காசு, ரூம் காசு.

—

புதுக்கடைப் பக்கம் எழுதியது:

ராத்தா, நியாயம் என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு வேறு கேஸ் எடுக்காமல் உங்கள் கேஸுக்கு நாளை ஒதுக்கினார் என்று சீனியர் சொல்லுவார், அது பொய்யும் இல்லை. இதற்கு முதலே பேசலாம்: ஒரு நாளுக்கு இவ்வளவு என்று வேணாம், கேஸ் முடியும்வரை மொத்தமாக இவ்வளவு என்று. கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். எங்கள் சனம் லோயர் முன்னால் காசு பேச வெட்கப்படும், அங்கேதான் காசு போகுது.

சட்ட உதவி ஆணைக்குழுவையும் மறக்க வேணாம், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது, மட்டக்களப்பிலும் நிலையம் இருக்கிறது. முழுச் சம்பளத் துண்டோடு போனால் வருமான எல்லை இடிக்கும். இடைநிறுத்தத்தில் பாதிச் சம்பளத்தில் இருக்கும்போது போய்க் கேட்டுப் பாருங்கள்.

—

ஓய்வு இலிகிதர் எழுதியது:

இனி வருகிற ஆட்களுக்கு என் பங்குக்கு. கேஸ் செலவு கொழும்பில் பெருகுகிறது, ஆனால் விதை போடுவது ஊரில் நடக்கிற விசாரணையில்தான். அங்கே சரியாகக் கேட்காத கேள்வியை மேன்முறையீட்டில் எந்தச் சீனியர் வந்தாலும் கேட்க முடியாது. விசாரணையில் உங்கள் பக்கம் பேசுகிற டிபென்டிங் ஒபிசராக, ஓய்வுபெற்ற நல்ல ஒரு ஆளைப் பிடியுங்கள். நான் ஏழு பேருக்குப் போயிருக்கிறேன், பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும்தான். ஒருவர் மட்டும் விடுபட்டபிறகு ஒரு சாக்கு நெல்லு கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு ஓடிவிட்டார், திருப்பிக் கொடுக்க மனிசி விடவில்லை.

தம்பி வாவிக்கரை, உங்கள் விசாரணையில் அந்த இரவு போன் எடுத்தவரைச் சாட்சிக்கு அழைத்தீர்களா?

—

வாவிக்கரை எழுதியது:

இல்லை ஐயா. பெரிய ஆள், இடமாற்றத்தில் போனவர், எனக்கு வாய் வரவில்லை. பாடசாலை அதிபரையும் கூப்பிடவில்லை. அவருடைய சம்பவப் புத்தகத்தில் அன்றைய திகதியில் "தறப்பாள் 40 கிடைத்தது, நேரம் 12.20" என்று அவர் கையால் எழுதியிருந்தது. அது எனக்குத் தெரியவந்தது நாலு வருடம் கழித்து, காத்தான்குடிச் சந்தியில் அவரைக் கண்டு சும்மா கதைக்கும்போது. தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் போட்டு, படிவம் 01, அந்தப் பக்கத்தின் உறுதிப்படுத்தின பிரதி எடுத்தேன். கேஸ் வென்றது அந்த ஒரு பக்கத்தால்தான். எடுத்த செலவு போட்டோக்கொப்பிக் காசு.

—

விசாரணை மேசை எழுதியது:

463,000இல் அந்தப் பக்கத்துக்குப் போனது ஐம்பது ரூபாய்கூட இருக்காது.

உங்களை விசாரித்தவரும் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கியிருக்க வேணும். அதிபரிடம் ஒரு கடிதம் எழுதினால் வந்திருக்கும். நான் என் வரிக் கேள்வியைத் திருப்பி எடுக்கவில்லை, ஆனால் நீங்கள் காசு கேட்டு எழுதுங்கள். திணைக்களத் தலைவர் ஊடாக எழுதுங்கள், ஒரு பிரதி மேலிடத்துக்கு நேரடியாகப் பதிவுத் தபாலில். ரசீதுள்ள 171,000 தனியாக, மற்றது தனியாக. ரசீது இல்லாததைக் கலந்தால் எல்லாத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

—

நியூஜேர்சி மட்டுநகரான் எழுதியது:

அதோடு அண்ணன், நடவடிக்கை ஏன் அடிப்படை இல்லாதது என்று ஒரு பந்தியும் வையுங்கள். வென்றேன் என்று மட்டும் எழுத வேணாம், சம்பவப் புத்தகம் தொடக்கத்திலிருந்தே அவர்கள் கேட்டால் கிடைக்கிற இடத்தில் இருந்தது என்று எழுதுங்கள்.

—

வாவிக்கரை எழுதியது (ஏழு கிழமைக்குப் பிறகு):

கேட்ட எல்லாருக்கும் நன்றி. எழுதினேன், ஐயாமார் சொன்ன மாதிரியே, ஊடாக, பதிவுத் தபால், 171,000 தனி. போன கிழமை பதில் வந்தது. இரண்டு வரி. இத்தகைய கொடுப்பனவுக்கு ஏற்பாடுகள் இல்லை எனத் தயவுடன் அறியத்தருகிறேன். தயவுடன் என்பதை அடிக்கோடிட வேணும் போல இருந்தது.

—

ஓய்வு இலிகிதர் எழுதியது:

கோப்பு இலக்கம் இருக்கிறதா அந்தக் கடிதத்தில்? எந்த ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள், யார் குறிப்பெழுதினார்கள் என்று அதே படிவம் 01இல் கேளுங்கள். காசு வராது. ஆனால் குறிப்பெழுதின ஆள் அடுத்த தரம் பேனையை எடுக்க யோசிப்பான்.

—

அக்கரைப்பற்று ராத்தா எழுதியது:

மச்சானுக்கு எவ்வளவு கொடுத்து முடிந்தது?

—

வாவிக்கரை எழுதியது:

நிலுவைச் சம்பளம் வந்தவுடன் முழுதையும் கொடுத்தாச்சு தங்கச்சி. இப்போது சந்தித்தால் மழையைப் பற்றிக் கதைக்கிறார்.

மழை என்றவுடன்தான் இன்னொன்று. முந்தாநாள் இரவு ஒன்பதரைக்குப் போன். புதுப் பெரியவர், நல்ல மனிதர். வாழைச்சேனைப் பக்கம் தண்ணீர் ஏறுது, களஞ்சியத்தைத் திறக்க முடியுமா என்றார். உடனே வாறேன் சேர், ஒரு வரி மட்டும் எழுதி விடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு வாட்ஸ்அப்பில் வந்தது: "தறப்பாள் 25 வழங்கவும்." ஸ்கிரீன்சொட் எடுத்து, மனுசியின் போனுக்கும் அனுப்பிவிட்டுத்தான் திறப்பைக் கையில் எடுத்தேன். வாங்க வந்த பொடியனுக்கு போல்பொயின்ட் பேனையும், மழைக்கு மேலே பிடிக்க என் குடையும் கொடுத்தேன். 25 என்று எழுத்திலும் எழுதவைத்தேன்.